காலைச் சுருதியும் மத்தியானச் சுருதியும்

சைகோனில் நான் கேட்ட சண்டைகளிலேயே பெரியது ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிப் பூசையில் நடந்தது. சண்டைக்காரர்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. அவர்கள் செய்த ஆர்கன்தான் அவர்களுக்காகச் சண்டை போட்டது.

புது ஆர்கன் கோவிலில் முதன்முதலாக ஒலித்த நாள் அது. நானும் என் தங்கை ஞானமும் பெண்கள் பக்கத்தில் புதுச்சேலையும் முக்காடுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஆர்கன் செய்த வீட்டு மருமகள்கள் என்று எங்களுக்கு அந்த மரியாதை. வெயில் அதற்குள் ஏறிவிட்டது. மெழுகுவத்தியும் வேர்வையும் யாரோ தலையில் தடவியிருந்த தேங்காயெண்ணெயும் கலந்து ஒரே வாடை.

வருகைப் பாட்டுக்குக் கன்னியாஸ்திரி அம்மாள் ஊதுகுழாய்களை மட்டும் வாசித்தார். காதுக்கு இதமாக இருந்தது. என் வீட்டுக்காரர் சவரிமுத்து செய்த குழாய்கள் அவை. நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்து குளோரியா என்கிற மகிமைப் பாட்டு. அம்மாள் உற்சாகத்தில், குழாய் வரிசைகளைத் திறக்கிற பிடிகளை எல்லாம் இழுத்துவிட்டார். என் வீட்டுக்காரரின் ஊதுகுழாய்களும், அவர் தம்பியும் ஞானத்தின் வீட்டுக்காரருமான அருளப்பன் செய்த டிரம்பெட் குழாய்களும் முதன்முதலாக ஒன்றாக வாயைத் திறந்தன.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? இரண்டு பேர் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே ஒரே பாட்டைப் பாடினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஊளையிட்டது. பக்கத்து வரிசையில் ஒரு வியட்நாம் அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு குழந்தையின் காதைப் பொத்தினாள். பீடத்தைப் பார்த்து நின்ற சாமியார், திரும்பக் கூடாத இடத்தில் திரும்பி, ஆர்கன் இருந்த மாடத்தை அண்ணாந்து பார்த்தார்.

ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒரு தூணோரம், அருளப்பன் வேறொரு தூணோரம். ஒரு வருஷத்துக்கு மேலாக முகத்தில் முழிக்காத அண்ணனும் தம்பியும் அன்றைக்குப் பார்த்துக்கொண்டார்கள். ‘கேட்டியா உன் லட்சணத்தை’ என்று இரண்டு முகத்திலும் எழுதியிருந்தது.

ஞானம் என் கையைக் கிள்ளினாள். “போச்சுக்கா. கப்பல்தான்.”

அவள் சொன்ன கப்பல், ஆற்றில் மேலேறிக் கம்போஜத்து நோம்பென் பட்டணத்துக்குப் போகிற கப்பல். இந்த ஆர்கனைக் கொடுத்து முடித்ததும் பட்டறையின் நடுவே சுவர் எழுப்பிப் பாகம் பிரிப்பது என்று எங்கள் மாமனார் முடிவு செய்திருந்தார். அண்ணனுக்குச் சைகோன். தம்பி தன் பங்குச் சாமானையும் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு நோம்பென்னுக்குப் போய் அங்கேயே பட்டறை வைக்க வேண்டும். சுவருக்குச் செங்கல்கூட முற்றத்தில் வந்து இறங்கிவிட்டது.

எனக்கும் ஞானத்துக்கும் தாய் தகப்பன் கிடையாது. காரைக்காலில் சித்தப்பா வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தோம். ஒரே கப்பலில் வந்து ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டோம். அவளும் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு யார் என்ற பயம் பல நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

பலகைக்குப் பிறந்தவர்கள்

மாமனார் ராயப்பன் சைகோனுக்கு வந்தது சுங்க ஆபீஸ் குமாஸ்தாவாக. கப்பலில் வந்து இறங்குகிற பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை. பிரான்சிலிருந்து கோவில்களுக்கு ஆர்கன் வரும், ஆர்மோனியம் வரும். வருகிற அழகைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு மழைக்காலம் போனால் பசை விட்டு, பலகை உப்பி, துருத்தித் தோலில் பூஞ்சை பூத்துவிடும். அழுத்திய கட்டை எழுந்திருக்காமல் அப்படியே படுத்துக்கொள்ளும்.

மாமனாரின் தகப்பனார் காரைக்காலில் படகு கட்டியவர். தண்ணீருக்கு அசராத மரவேலை மாமனாருக்கும் கைவந்திருந்தது. முதலில் ரிப்பேர், பிறகு புது ஆர்கன் என்று தொழிலில் இறங்கினார். ஆர்கனையும் படகு மாதிரியே செய்வார். “சாமி, எம் பொட்டி முங்கவே முங்காது” என்று உத்தரவாதம் வேறு கொடுப்பார். எந்தக் கோவிலில் ஆர்கன் மூழ்கப் போகிறது என்று ஒரு சாமியாரும் கேட்கவில்லை.

டோங் டு தெருவில் நம் முஸ்லிம் வியாபாரிகள் கட்டின பள்ளிவாசலுக்குச் சற்றுத் தள்ளிப் பட்டறை. வாசலில் பிரெஞ்சிலும் தமிழிலுமாகப் பெரிய பலகை: ‘ராயப்பனும் குமாரர்களும்’. பலகை எழுதிய அன்று அவருக்குக் குமாரர்கள் இல்லை. கல்யாணமே ஆகவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கடையில் எல்லாம் அப்படித்தான் போட்டிருந்தது, போட்டால்தான் மதிப்பு என்று இவரும் போட்டுவிட்டார். “குமாரர்கள் எங்கே?” என்று யாராவது கேட்டால், “வந்துக்கிட்டிருக்காங்க முசே” என்பாராம்.

அப்புறம்தான் காரைக்காலுக்குப் போய்ப் பெண் பார்த்தார். நாங்கள் வருவதற்கு முன்பே மாமியார் காலமாகிவிட்டார். அவர் சொல்லிச் சிரித்த கதை மட்டும் வீட்டில் மிஞ்சியிருந்தது. மூத்தவர் பிறந்து, பிரசவத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு, “ஒருத்தன் போதாதாங்க?” என்று கேட்டாராம். மாமனார் தலையைச் சொறிந்துகொண்டு, “குமாரர்கள்னு எழுதிட்டேனே” என்றாராம்.

ஆக, பலகை பொய்யாகக் கூடாது என்று பிறந்தவர் அருளப்பன். அண்ணன் ஊதுகுழாய் பழகினார். தம்பி பித்தளை நாக்கு வைத்த டிரம்பெட் குழாய் பழகினார். ஒன்று இல்லாமல் இன்னொன்று ஆர்கன் ஆகாது. அது அவர்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்ததை ஒப்புக்கொள்வதில்தான் வம்பு.

குச்சிப் பல்லி

இந்த வம்புக்கு மூலகாரணம் ஒரு பல்லி.

அந்த நாட்டில் முழங்கை நீளத்துக்குப் பல்லி உண்டு. ‘தாக்கே, தாக்கே’ என்று வாய்விட்டுக் கத்தும். அதன் பேரையே அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். குச்சி என்கிற ஊரில் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்னக் கோவிலுக்கு ஆர்கன் செய்து கொடுத்தோம். ஆர்கனுக்கு மந்திரிப்பு நடந்த நாளன்று இருப்பதிலேயே பெரிய குழாய்க்குள் ஒரு தாக்கே குடியேறிவிட்டது. ஒவ்வொரு பாட்டும் முடிந்து ஜனங்கள் மௌனமாகும்போது, உள்ளேயிருந்து ‘தாக்கே’ என்று ஒரு குரல். ஆமென் சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

பூசைக்குப் பிறகு பந்தி. பன்றிக் கறியும் மீன்சாறும் மணக்க எல்லாரும் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வேடிக்கையாகப் பேசுவார். அந்த வருஷத்துப் பேச்சை அன்றைக்குப் பேசினார்.

“தம்பி, உன் டிரம்பெட்ட விட பல்லி சுருதியா கத்துதுடா.”

பந்தியே சிரித்தது. அருளப்பன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

“அது குந்தியிருக்கிறது உங்க குழாய்லண்ணே. உள்ள காத்தே வராதுன்னு தெரிஞ்சுதான் குடும்பத்தோட வந்திருக்கு.”

பந்தி இன்னும் பெரிதாகச் சிரித்தது. அதோடு சரி. போகும்போது ஒரே மாட்டுவண்டியில் போனவர்கள் வரும்போது இரண்டு வண்டியில் வந்தார்கள். பல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுப்பு இரண்டு, பொழுது இரண்டு

மறுவாரமே அடுப்பு பிரிந்தது. சமையலறை ஒன்றுதான், அதற்குள் இரண்டு அடுப்பு. நானும் ஞானமும் முதுகோடு முதுகு உரசச் சமைத்தோம். ஆண்கள் கண்ணில் படாமல் குழம்பு கைமாறும். அவள் வைத்த மீன்குழம்பை என் வீட்டுக்காரருக்குப் பரிமாறி, “இப்பதான் தெரேசு உனக்குச் சமையல் கைகூடி வருது” என்று நான் பேர் வாங்கியிருக்கிறேன்.

பட்டறையைப் பிரிக்க முடியவில்லை. வஜ்ஜிரம் காய்ச்சுகிற பானை ஒன்றுதான் இருந்தது. மர வேலைக்கும் தோல் வேலைக்கும் அந்தப் பசை இல்லாமல் ஒன்றும் நடக்காது.

“தெரேசு, வஜ்ஜிரம் எங்கன்னு கேளு” என்பார் என் வீட்டுக்காரர். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தம்பி நிற்பார்.

நான் ஞானத்திடம் திரும்புவேன். “வஜ்ஜிரம் எங்கன்னு கேக்குறாங்க.”

ஞானம் தன் வீட்டுக்காரரிடம் திரும்புவாள். “வஜ்ஜிரம் எங்கன்னு கேக்குறாங்களாம்.”

“கருகிப் போச்சுன்னு சொல்லு. கேட்டு முடிக்கறதுக்குள்ள.”

இது தாங்காமல் மாமனார் பொழுதைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை அண்ணன். மத்தியானத் தூக்கம் முடிந்து சாயங்காலம்வரை தம்பி. புது ஆர்கனைக் கோவிலில் கொண்டுபோய்ப் பொருத்திய பிறகும் அதே ஏற்பாடுதான் தொடர்ந்தது.

சுருதி சேர்க்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே உட்கார்ந்து கட்டையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே போய்க் குழாயைச் சரிசெய்வார். காலையில் என் வீட்டுக்காரருக்கு நான் கட்டை பிடித்தேன். மத்தியானம் அருளப்பனுக்கு ஞானம் பிடித்தாள். ஆளுக்கொரு இரும்புக் கவையைத் தட்டி அதை வைத்துச் சுருதி பார்த்துக்கொண்டார்கள்.

இங்கேதான் கோளாறு. வெயில் ஏறினால் ஊதுகுழாயின் சுருதியும் கூடவே ஏறும். டிரம்பெட்டின் நாக்குக் குழாய் அவ்வளவு சுலபத்தில் அசையாது. அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒன்றாக ஒலிக்கவைத்துத்தான் சேர்க்க வேண்டும். இது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். ஆனால் ஒன்றாக ஒலிக்கவைக்க வேண்டுமானால் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமே! நிற்கவில்லை. ஒருவர் விடியற்காலைக் குளிரில் சேர்த்தார், மற்றவர் மத்தியானக் கொதிப்பில் சேர்த்தார். மாமனாருக்கோ குழாய்களுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது பாதி போய்விட்டது.

தனித்தனியே கேட்டால் இரண்டும் அருமை. பத்து மணிப் பூசையில்தான் சாயம் வெளுத்தது.

சாமியாரின் தமிழ்

பூசை முடிந்ததும் சாமியார் எங்களைத் தேடி வந்தார். பிரெஞ்சுக்காரர். முன்பு காரைக்காலில் இருந்தவர். தமிழை ஜெபப் புத்தகங்களிலிருந்தே கற்றுக்கொண்டதால் கோபம் வந்தாலும் வேதம் வாசிப்பது போலத்தான் பேசுவார்.

“ராயப்பனே, நீர் எமக்குச் செய்தது என்ன? யாம் கேட்டது ஓர் ஆர்கன். நீர் தந்தவையோ இரண்டு. அவை ஒன்றையொன்று பகைக்கின்றன.”

“புதுப் பொட்டி சாமி. கொஞ்சம் பழகணும்” என்றார் மாமனார்.

“எதிர்வரும் ஞாயிறன்று மேற்றிராணியார் எழுந்தருளுவார். அதற்குள் அவை சமாதானமாகக்கடவன. இல்லையேல் உமது பெட்டி உமது வாசலில் வந்து சேரும்.”

அண்ணன் ஆள் இழுக்கிற ஒரு புஷ்புஷ் வண்டியிலும் தம்பி வேறொரு புஷ்புஷ் வண்டியிலுமாக வீடு வந்து சேர்ந்தோம். மாமனார் இருவரையும் கூடத்தில் நிறுத்திவைத்தார். கோளாறு என்ன என்பது இருவருக்கும் முதல் சத்தத்திலேயே புரிந்துவிட்டது.

“பத்து மணிக்கு எங்குழாய் ஏறத்தான் செய்யும். டிரம்பெட்ட ஏத்திக்கச் சொல்லுங்க” என்றார் என் வீட்டுக்காரர், சுவரைப் பார்த்து.

“எஞ்சுருதி நின்ன எடத்துல நிக்கிது. ஆடுறவங்களை எறங்கச் சொல்லுங்க” என்றார் அருளப்பன், எதிர்ச்சுவரைப் பார்த்து.

மாமனார் காதில் பாதிதான் விழுந்திருக்கும். “ஏத்துவியோ எறக்குவியோ, அந்தப் பெரிய சாமி முன்னாடி எம்பேரக் காப்பாத்துங்கடா. அதுக்கு மறுநா திங்கக்கிழமை கொத்தன் வர்றான். அன்னிக்கே கப்பல். அப்புறம் ஒங்க பாடு.”

சமையலறைக்குள் போனதும் ஞானம் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். புகை என்று சொன்னாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

“பொட்டி சரியானாலும் கப்பல், சரியாவாட்டியும் கப்பல். எப்புடிப் பாத்தாலும் நான் போவணும்” என்றாள்.

“ரெண்டு பேரும் பேசிட்டா?” என்றேன்.

“எங்கக்கா பேசுறாங்க? நம்ம ரெண்டு பேரும் நடுவுல இருக்கறவரைக்கும் ஏன் பேசப்போறாங்க?”

சொல்லிவிட்டு அவளே வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

கைச்சுளுக்கு

மறுநாள் காலையில் கோவிலில் பத்து மணிப் பூசையின் வெக்கையை வரவழைக்க மாமனார் ஏற்பாடு செய்தார். ஜன்னல் கதவை எல்லாம் அடைத்து, இருக்கிற மெழுகுவத்தியை எல்லாம் ஏற்றிவைத்தாயிற்று. கோவில் வேக ஆரம்பித்தது.

“வா தெரேசு, கட்டை புடி” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஞானம், ஏறு மேல” என்றார் அருளப்பன்.

நாங்கள் இருவரும் வலது கையை முன்னால் நீட்டினோம். இரண்டிலும் துணிக்கட்டு. விளக்கெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது.

“சுளுக்கு” என்றேன்.

“எனக்குந்தான்” என்றாள் ஞானம்.

மாமனார் இரண்டு துணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேருக்குமா? ஒரே கையிலயா?”

“ஒரே அம்மிதானே மாமா” என்றாள் ஞானம், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

வேறு ஆள் தேட வழியில்லாமலும் செய்திருந்தோம். விடிந்ததுமே சாமியாரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்திருந்தோம். அவர் மாடப்படியின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கையை உயர்த்தினார். “துருத்தி மிதிக்க ராயப்பன் ஏறலாம். கட்டைக்கும் குழாய்க்கும் சகோதரர் இருவர் போதும். வேறொருவரும் இதில் ஏறலாகாது.” அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

மாமனார் துருத்தி மிதிக்கப் பின்பக்கம் போனார். என் வீட்டுக்காரர் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார். அருளப்பன் குழாய்களுக்குள் நுழைந்தார். அப்போதும் பேசவில்லை! என் வீட்டுக்காரர் ஒரு விரலை உயர்த்தி, ஆர்கன் பெட்டியை ஒரு தடவை தட்டினார். ஒரு தட்டு என்றால் ஏற்ற வேண்டும். இரண்டு விரலைக் காட்டி இரண்டு தட்டு தட்டினார். இறக்க வேண்டும். தம்பி தலையை ஆட்டினார்.

எங்கள் திட்டம் போச்சு என்று நினைத்தேன். ஊமைப் பாஷையிலேயே வேலையை முடித்துவிடுவார்கள் போலிருந்தது.

காலிக் கோவிலில் ஒன்று தட்டினால் சுவர் இன்னொன்று தட்டும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. அண்ணன் ஒரு தட்டு தட்டினார். உள்ளே இருந்தவருக்கு இரண்டாகக் கேட்டது. இறக்கினார். சுருதி இன்னும் விலகியது. அண்ணன் மறுபடி ஒரு தட்டு. தம்பி மறுபடி இறக்கினார். டிரம்பெட் சத்தம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் ஓங்கி ஒரு தட்டு. சுவரும் ஓங்கித் தட்டியது.

“ஏத்துடா!”

அந்தச் சத்தத்தில் மெழுகுவத்தி இரண்டு அணைந்தது என்று ஞானம் இன்றைக்கும் சொல்வாள்.

“ஏத்துன்னா எறக்குறியே, காது என்னா அவிஞ்சா போச்சு?”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “ரெண்டு தட்டு தட்டினா எறக்கத்தானே செய்வேன்! வாயத் தொறந்து சொன்னா என்னாண்ணே?”

அண்ணே. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. ஞானம் என் சுளுக்குக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. படியடியில் சாமியார் ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் நிற்கவே இல்லை. ஏத்து, போதும், கொஞ்சம் எறக்கு, அதுக்குன்னு இவ்வளவா, நீ வாசிக்கிறது மொதல்ல சரியா, உன்னையக் கேட்டனா என்று ஒரே ஏச்சு. நியாயத்துக்காக நீ பாதி ஏற்று, நான் பாதி இறக்குகிறேன் என்று பேரம் வேறு. அந்த வாரம் பூராவும் தினம் காலையில் மெழுகுவத்தி எரிந்தது.

சனிக்கிழமையன்று எல்லாப் பிடியையும் இழுத்து ஒரு முழு வாசிப்பு. ஊதுகுழாயும் டிரம்பெட்டும் ஒன்றாக எழும்பி ஒரே குரலாக நின்றன. கையை எடுத்ததும் கோவில் நிசப்தமாக இருந்தது.

உள்ளேயிருந்து அருளப்பனின் குரல்: “எதுக்கும் பல்லிகிட்ட ஒரு வார்த்த கேட்டுருவமாண்ணே?”

என் வீட்டுக்காரர் கட்டைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். நெற்றி பட்ட கட்டைகள் எல்லாம் ஒன்றாகக் கத்தின. அதுவும் சுருதியாகத்தான் இருந்தது.

செங்கல்

ஞாயிற்றுக்கிழமை மேற்றிராணியார் வந்தார், கேட்டார், தலையசைத்தார். நாய் ஊளையிடவில்லை.

திங்கட்கிழமை கப்பல் போனது. அதில் ஞானம் போகவில்லை. அண்ணனும் தம்பியும் போனார்கள். நோம்பென் கோவிலுக்கு ஆர்கன் வேண்டும் என்பது உண்மைதான். ஊதுகுழாய் யார் செய்வது என்று தம்பி கேட்டார். தனியாக விட்டால் அந்தப் பட்டணம் பூராவும் எருமைச் சத்தம் கேட்கும் என்று அண்ணன் கிளம்பிவிட்டார். வேலை முடிந்ததும் இருவரும் திரும்பி வருவதாகப் பேச்சு.

“கட்டை புடிக்க ஆள் வேணாமா?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன், ஒரு மரியாதைக்கு.

“அதான் தம்பி இருக்கானே” என்றார். இத்தனை நாள் நான் பிடித்த கட்டைக்கு அவ்வளவுதான் மதிப்பு.

கப்பல் நகர்ந்த பிறகும், எந்தப் பெட்டியை எதன்மேல் அடுக்குவது என்று இரண்டு பேரும் மேல்தளத்தில் கத்திக்கொண்டிருந்தது கரைவரை கேட்டது. எங்கள் பக்கம் திரும்பிக் கையசைக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் கொத்தன், செங்கல் பக்கத்தில் குந்தியிருந்தான். சொன்ன நாளுக்கு வந்துவிட்டான். மாமனார் அவனையும் செங்கலையும் எங்களையும் பார்த்தார்.

“சுவர் வேணாம். வந்தவன என்னா கட்டச் சொல்றது?”

“அடுப்பு கட்டச் சொல்லுங்க மாமா” என்றாள் ஞானம்.

மாமனார் காதைத் திருப்பினார். “அடுப்பா? எத்தினி?”

ஞானம் சுளுக்கு விழுந்த வலது கையை உயரத் தூக்கி, ஒரே ஒரு விரலைக் காட்டினாள்.